மூன்று மூட்டை ஜாக்கெட் துண்டுகளும் அம்மாவின் ஒன்பது புடவைகளும்

கடலூர் முதுநகரில் 11 ஆண்டுகளாகத் தையல் கடை வைத்திருக்கும் ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். கடையில் மூன்று மூட்டை ஜாக்கெட் வெட்டுத்துணி சேர்ந்து கிடக்கிறது. வீட்டில் காலமான அம்மாவின் ஒன்பது புடவைகள் பெட்டியில் இருக்கின்றன. வீடியோ பார்த்துச் செய்ததெல்லாம் மிதியடியாகவோ கைப்பையாகவோ பொம்மையாகவோதான் முடிகிறது. கண்காட்சிச் சுவரில் மாட்டும்படியான இன்றைய துணிக்கலையாக அது மாற எந்த டெக்னிக்கைக் கற்க வேண்டும், அப்படிச் செய்தது எத்தனை வருடம் தாங்கும் என்பது கேள்வி. டெக்னிக் என்று கேட்டிருந்தாலும் அவர் மனதில் இருப்பது வேறு என்று எனக்குப் படுகிறது. 11 வருடம் ஜாக்கெட் தைத்த கைக்குத் தையல் சொல்லித்தர ஆள் தேவையில்லை. அதே துணி, அதே ஊசி, அதே கைதான். ஒரு முறை மிதியடி வருகிறது, இன்னொரு முறை ஒருவர் எதிரில் நின்று நகர மனமில்லாமல் பார்க்கிற பொருள் வருகிறது. அந்தப் பிரிவு எந்த இடத்தில் நடக்கிறது என்பதைத்தான் அவர் கேட்கிறார்.

நான் சேலத்தில் கைத்தறித் தொழில்நுட்பம் படித்தவன். புதுச்சேரி முத்தியால்பேட்டையில் 20 வருடத்துக்கு மேலாகப் பழந்துணியை மட்டுமே வைத்து வேலை செய்கிறேன். நூல், சாயம், ஈரம், பூஞ்சை பற்றிக் கீழே சொல்வதெல்லாம் தொழில் அறிவு, அதை நம்பி வேலையில் இறங்கலாம். எது படைப்பு, எது வெறும் பொருள் என்று சொல்கிற இடங்களில் பேசுவது என் கண்ணும் என் ருசியும். அங்கே இன்னொரு கலைஞர் என்னை மறுத்தால் அவர் பக்கமும் நியாயம் இருக்கும்.

துணியைத் திரும்பப் பயன்படுத்துவது நமக்கு யாரும் கற்றுக்கொடுக்க வேண்டிய விஷயம் இல்லை. புடவை இளைத்தால் தூளி ஆகும். தூளி கிழிந்தால் பிள்ளைக்கு அடியில் போடும் துணி. அப்புறம் அடுப்படியில் கரித்துணி, கடைசியில் மிதியடி. பழைய வேட்டி விளக்குத் திரியாகவும் ஆகும். இந்தப் பயணத்தில் ஒவ்வொரு படியிலும் துணி தன் பழைய அடையாளத்தை இழந்துகொண்டே போகிறது. கரித்துணியைப் பார்த்து இது யார் கட்டிய புடவை என்று ஒருவரும் கேட்பதில்லை, கேட்கத் தேவையும் இல்லை. படைப்புக்கு நான் வைத்திருக்கிற சோதனை இங்கிருந்துதான் வருகிறது. நீங்கள் செய்த பொருளில் இருக்கும் பழந்துணியை எடுத்துவிட்டு, அதே நிறத்தில் கடைத்துணியை வைத்துத் தைத்ததாக நினைத்துப் பாருங்கள். ஒன்றும் குறையவில்லை என்றால் அது கைவினைப் பொருள். நல்ல கைவினைப் பொருளாகவே இருக்கலாம், அதில் தாழ்வு ஒன்றுமில்லை. அந்தத் துணியை எடுத்தவுடன் எல்லாமே போய்விட்டது என்றால் நீங்கள் தேடுகிற இடத்துக்கு வந்துவிட்டீர்கள்.

உலகம் அறிந்த ஓர் உதாரணம் சொல்கிறேன். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ஜீஸ் பெண்ட் என்று ஆற்றோரத்தில் ஒரு சிற்றூர். அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்த கறுப்பினக் குடும்பங்கள் வாழும் ஊர். 1942ல் அங்கே மிசௌரி பெட்வே என்ற பெண், இறந்துபோன கணவருடைய வேலை உடுப்புகளைக் கிழித்து ஒரு போர்வை தைத்தார். வயலில் வெளுத்த துணி, கறை, தேய்மானம் எல்லாம் அப்படியே இருக்கின்றன. அந்த ஊர்ப் பெண்களின் போர்வைகள் 2002ல் ஹூஸ்டனிலும் பிறகு நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்திலும் சுவரில் தொங்கின. அவற்றைத் தைத்தவர்கள் குளிருக்குத்தான் தைத்தார்கள். இருந்தும் அந்தப் போர்வையில் புதுத்துணியை வைத்துப் பார்க்க முடியுமா? அந்த மனிதர் போய்விடுவார்.

எல் அனட்சுயி என்ற சிற்பியின் படைப்புகளைப் படங்களில் பார்த்துவிட்டுப் பாட்டில் மூடிகளைக் கோத்துக்கொண்டு என்னிடம் வரும் மாணவர்கள் நிறைய. கானாவில் பிறந்து நைஜீரியாவின் நுசுக்காவில் வேலை செய்தவர் அவர். மதுப்புட்டி மூடிகளைத் தட்டிச் செப்புக்கம்பியால் இணைத்துப் பெரிய துணிபோலத் தொங்கவிடுகிறார். ஐரோப்பியர் ஆப்பிரிக்கக் கரைக்குக் கொண்டுவந்த வணிகச் சரக்குகளில் மதுவும் ஒன்று. அதனால் அந்த மூடிக்கு அங்கே ஒரு கனம் இருக்கிறது. அதை அப்படியே இங்கே எடுத்துவந்தால் பளபளப்பு மட்டும்தான் மிஞ்சும். நம் கரையிலிருந்து போன சரக்கு துணி. 19ஆம் நூற்றாண்டில் புதுச்சேரியிலிருந்து அவுரி நீலம் தோய்த்த கினி துணி கப்பலேறி, செனகல் ஆற்றங்கரையில் கோந்துக்கு ஈடாகக் கைமாறியது. அனட்சுயியிடம் கற்க வேண்டியது, தன் ஊரின் வரலாறு ஏறிய பொருளைத் தேடுகிற பழக்கம். இதோடு ஒரு எச்சரிக்கை. கண்காட்சிக் குறிப்பில் 'அரிக்கமேட்டின் 2000 ஆண்டுச் சாய மரபு' என்றெல்லாம் எழுதிவிடாதீர்கள். அரிக்கமேடு புதுச்சேரிக்குப் பக்கத்தில் உள்ள பழைய துறைமுக ஊர். 1945ல் அங்கே அகழ்ந்த தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் செங்கல் தொட்டிகளைச் சாயத்தொட்டிகள் என்று கருதினார். பின்னால் வந்த ஆய்வாளர்களுக்கு அதில் ஐயம் உண்டு. கினி துணிக்கு ஆவணம் இருக்கிறது, அதைத் தைரியமாக எழுதலாம்.

இனி உங்கள் மூட்டைகளுக்கு வருகிறேன், எனக்கு மிகவும் ஆசையாக இருப்பது அதுதான். பொதுவாக எல்லோரும் வெட்டுத்துணியை நிறம் பார்த்துப் பிரிப்பார்கள். பிரித்த மறுநிமிடம் அது வெறும் வண்ணப்பெட்டி ஆகிவிடும்; சிவப்பு என்றால் பூ, பச்சை என்றால் இலை என்று கை தானாகப் போகும். நீங்கள் நிறத்தை மறந்துவிட்டு, எந்த வெட்டில் விழுந்த துண்டு என்று பாருங்கள். முன்கழுத்தில் விழுந்தது, பின்கழுத்தில் விழுந்தது, ஆர்ம்ஹோலில் (கை பொருத்தும் வளைவில்) விழுந்தது, கை வெட்டியதில் மிஞ்சிய முக்கோணம், பக்கவாட்டில் கழிந்த பட்டை. பின்கழுத்துத் துண்டு என்பது என்ன? ஒரு பெண் தன் முதுகில் எவ்வளவு தெரியலாம் என்று உங்களிடம் சொன்ன அளவு அது. அரைவட்டமாக, பானையாக, சதுரமாக விழுந்திருக்கும். 11 வருடத்து மூட்டையில் அடியில் கிடப்பதையும் மேலே கிடப்பதையும் எடுத்து அருகருகே வையுங்கள். கழுத்து இறங்கியிருக்கிறதா, ஏறியிருக்கிறதா, வடிவம் மாறியிருக்கிறதா என்பது உங்கள் தெருவின் வரலாறு. வேறு எந்தக் கலைஞரிடமும் இந்த மூட்டை இல்லை. பின்கழுத்துத் துண்டுகளை மட்டும், இஸ்திரி கூடப் போடாமல், விழுந்த வடிவத்தைச் சரிசெய்யாமல், ஒரே காடாத்துணியில் வரிசையாகப் பதித்துப் பாருங்கள். முந்நூறு துண்டு பதித்தால் முந்நூறு முதுகுகள். சாக்பீஸ் கோடு தெரிந்தால் இருக்கட்டும். ஆனால் அளவு நோட்டிலிருந்து அவர்கள் பெயர்களை எடுத்துப் போட வேண்டாம். அந்தப் பெண்கள் உங்களிடம் ஜாக்கெட் தைக்கத்தான் வந்தார்கள்.

சாயமேற்றலாமா என்று பலர் கேட்பார்கள். வேண்டாம் என்பது என் கட்சி. சாயம் ஏற்றினால் எல்லாத் துண்டும் ஒரே குடும்பமாகத் தெரியும், பார்க்க நன்றாகவும் இருக்கும், வந்த வழி மறைந்துவிடும்.

அடுத்தது நிலைப்பது பற்றி. இங்கே நான் சொல்வது உறுதி. எந்தத் துணி என்று தெரியாமல் ஊசி எடுக்காதீர்கள். டூ பை டூ பருத்தி ஜாக்கெட் துணி என்று வாங்கியதிலும் கலப்பு இருக்கும். ஒவ்வொரு துண்டிலிருந்தும் நான்கு நூலை உருவி, இடுக்கியில் பிடித்துத் தீயில் காட்டுங்கள். பருத்தி காகிதம்போல எரிந்து, தொட்டால் உதிரும் சாம்பலாகும். பாலியெஸ்டர் சுருங்கி உருகி, ஆறியதும் கெட்டியான மணியாக நிற்கும். பட்டு மயிர் கருகும் வாடை அடித்து, எளிதில் நொறுங்கும் கரியாகும். இரண்டும் கலந்தது இரண்டு குணமும் காட்டும். இதை ஏன் வலியுறுத்துகிறேன் என்றால் நம்முடைய கடற்கரைக் காற்று. காற்றில் ஈரப்பதம் 65 சதவீதம் இருக்கும்போது பருத்தி தன் எடையில் சுமார் 8 சதவீதம் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். பாலியெஸ்டர் அரை சதவீதம்கூடப் பிடிக்காது. ஐப்பசி மழையில் ஒன்று ஈரம் குடித்து அசையும், பக்கத்தில் தைத்தது அப்படியே நிற்கும். நடுவில் தையல் சுருங்கி அலையலையாக எழும்பும். மார்கழியில் காய்ந்தாலும் முழுதாகத் திரும்பாது.

இது நான் பட்டுத் தெரிந்துகொண்டது. என் முதல் பெரிய வேலை ஏழடி அகலம். பள்ளிச் சீருடைத் துணியையும் பழைய வேட்டிகளையும் கலந்து தைத்து, கடலோரம் ஒரு கூடத்தில் மழைக்காலம் தொடங்கும் நேரத்தில் மாட்டினேன். மேலே இரும்புக் குழாய், பிடிக்க இரும்புக் கம்பி. மூன்றாவது வாரத்தில் போய்ப் பார்த்தபோது நடுப்பகுதி முழுக்கச் சுருங்கி மேலேறியிருந்தது. கம்பி தொட்ட இடமெல்லாம் துருக்கறை இறங்கியிருந்தது. துரு கறையோடு நிற்பதில்லை, பருத்தி நாரையே அரிக்கும். இரண்டு வருடம் கழித்து அந்த இடங்களில் விரல் வைத்தால் துணி பொடியாக உதிர்ந்தது. அதிலிருந்து பருத்தியைப் பருத்தியோடும் பாலியெஸ்டரைப் பாலியெஸ்டரோடும்தான் தைக்கிறேன். இரண்டும் வேண்டுமென்றால் தனித்தனிப் பட்டைகளாகத் தொங்கவிடுகிறேன். மாட்டுவதற்கு மரச்சட்டமோ எவர்சில்வர் குழாயோ போதும். மரம் என்றால் துணிக்கும் அதற்கும் நடுவில் ஒரு துணி சுற்றிவிடுங்கள். மேல் விளிம்பில் முழு நீளத்துக்கும் உறைபோல் தைத்துக் குழாயை உள்ளே விட்டால் எடை எல்லா இடத்திலும் பரவும். வளையத்தில் மாட்டினால் வளையம் உள்ள இடங்கள் மட்டும் தொய்ந்து கிழியும்.

பழந்துணியின் பலம் போய்விட்டது என்பதை ஏற்றுக்கொண்டுதான் வேலை தொடங்க வேண்டும். அதற்குப் பின்னால் புதிய காடாத்துணி வைத்து, எடையை அது தாங்கும்படி செய்யுங்கள். அந்தக் காடாவை முதலில் வெந்நீரில் துவைத்துக் கஞ்சி முழுக்கப் போக்கிவிட வேண்டும். கஞ்சி இருந்தால் இராமபாணப் பூச்சியும் கரப்பானும் தேடி வரும், பூஞ்சையும் பிடிக்கும். தைக்கும் நூல் எப்போதும் துணியைவிடப் பலவீனமாக இருக்கட்டும். ஜாக்கெட் தைத்த பழக்கத்தில் கெட்டியான பாலியெஸ்டர் நூலைக் கோத்துவிடுவீர்கள். இழுவிசை வந்தால் அந்த நூல் அறாது, பழைய பருத்தியைக் கத்திபோல அறுத்துவிடும். பருத்தி நூலில் அடர்த்தியில்லாத கைத்தையல் போட்டால் அறுபடுவது நூல்தான், அதை மறுபடி தைத்துக்கொள்ளலாம். பசை வேண்டவே வேண்டாம். ஒட்டிய இடம் விறைக்கும், பழுப்பேறும், பிரித்துச் சரிசெய்யவும் வழியில்லாமல் போகும். வெளிச்சத்தைப் பொறுத்தவரை அருங்காட்சியகங்கள் துணிக்கு 50 லக்ஸுக்கு (வெளிச்சத்தை அளக்கும் அலகு) மேல் விடுவதில்லை. அது நம் வரவேற்பறை விளக்கைவிடக் குறைவு. வீட்டில் அந்த அளவு சாத்தியமில்லை என்றாலும் வெயில் விழாத சுவராகப் பார்த்து மாட்டலாம். இவ்வளவும் செய்தால் எத்தனை வருடம் என்று கேட்டால், என் பட்டறையில் 12 வருடமாகத் தொங்குகிற ஒன்று இன்னும் நன்றாக இருக்கிறது. அதற்கு மேல் வாக்குக் கொடுக்க மாட்டேன். ஏற்கெனவே 30 வருடம் உழைத்த துணிக்கு நாம் கொடுப்பது ஓய்வுதான்.

மூட்டைகளைத் தாண்டிப் பார்க்க விரும்பினால் உங்களைச் சுற்றியே நிறைய இருக்கிறது. குறிஞ்சிப்பாடி பக்கம் கைலி நெய்கிற வீடுகளில் பாவு (நீளவாட்டில் ஓடும் நூல்) தீர்ந்ததும் தறியில் மிஞ்சும் நூல்முனைகளைக் கேட்டு வாங்கலாம். நிறம் அடுக்கடுக்காக வரும். துறைமுகத்தில் கிழிந்த வலைகள் கிடைக்கும். வலை பற்றி மூன்று விஷயம்: நல்ல தண்ணீரில் நாலைந்து முறை ஊறவைத்து உப்பைப் போக்குங்கள். சூடான இஸ்திரிப்பெட்டியை அருகில் கொண்டுபோகாதீர்கள், நைலான் வலை சுமார் 220 டிகிரியிலும் பாலித்தீன் வலை 130 டிகிரியிலுமே உருகிவிடும். கிழிந்த வலைக்கும் கிலோ விலை உண்டு, அது அந்தக் குடும்பத்தின் வருமானம், காசு கொடுத்து வாங்குங்கள். பிளாஸ்டிக் அரிசிச் சாக்கும் எடுக்கலாம், ஆனால் வெயிலில் சில மாதம் கிடந்ததை எடுக்காதீர்கள், கையிலேயே நொறுங்கும்.

பொம்மை செய்தால் கலை ஆகாது என்று உங்கள் கேள்வியில் ஒரு வருத்தம் தெரிகிறது. அதற்காகவே இதைச் சொல்கிறேன். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை நம் குப்பங்களை அழித்தபோது, ஆரோவில்லில் உள்ள உபாசனா என்ற வடிவமைப்புக் கூடம் மீனவப் பெண்களைச் சேர்த்து, தையலில் மிஞ்சிய துணியில் சின்னஞ்சிறு பொம்மைகள் செய்ய வைத்தது. சுனாமிகா என்று பெயர். அதை விலைபோட்டு விற்கவில்லை, பரிசாகவே கைமாறியது. செய்த பெண்களுக்குக் கூலி நன்கொடையிலிருந்து வந்தது. பொம்மைதான், தையலும் எளியதுதான். யார் செய்தார்கள், எதிலிருந்து செய்தார்கள், எப்படிக் கைமாறியது என்ற மூன்றும் சேர்ந்து அதை வேறொன்றாக ஆக்கின. பொருளின் வகையைப் பார்த்துத் தாழ்வாக நினைக்காதீர்கள்.

இந்தத் துறையில் அதிகம் சொல்லப்படும் ஒன்றை மட்டும் நான் நம்புவதில்லை. துணிக்கலை குப்பையைக் குறைக்கிறது, சுற்றுச்சூழலைக் காக்கிறது என்பார்கள். நான் வருடம் முழுக்க வேலை செய்தாலும் சில பத்து கிலோ துணிதான் செலவாகும். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி வெட்டும் மேசையின் கழிவுக்கு அது எம்மாத்திரம். இந்த வேலை துணியைப் பார்க்கக் கற்றுக்கொடுக்கும். பார்க்கக் கற்றவர்கள் எளிதில் தூக்கி எறிய மாட்டார்கள் என்பது என் நம்பிக்கை, அவ்வளவுதான். கண்காட்சிக் குறிப்பிலும் அந்த அளவோடு நிறுத்துங்கள். உங்களோடு வேறு பெண்கள் உட்கார்ந்து தைத்தால் அவர்கள் பெயரையும் உங்கள் பெயருக்குக் கீழே அதே எழுத்தளவில் போடுங்கள்.

கடைசியாக அம்மாவின் புடவைகள். கேள்வியின் ஓரத்தில், வெட்ட மனம் வரவில்லை என்று ஒரு வரி எழுதியிருந்தீர்கள். வெட்ட வேண்டாம். புடவையை வெட்டாமலே படைப்பாக்க முடியும். வெளுக்கப் போடவும் வேண்டாம். முந்தானையில் கை துடைத்த மஞ்சள் கறை இருந்தால் அதைச் சுற்றி இப்போதே ஒரு வரி தையல் போட்டு வையுங்கள். மஞ்சள் வெளிச்சத்தில் நிற்காது, ஒரு கோடைக்குள் கறை காணாமல் போகும், தையல் மட்டும் அது இருந்த இடத்தைக் காட்டிக்கொண்டிருக்கும். பட்டுப்புடவை இருந்தால் சரிகைக்கு விலைபேச ஆள் வரும், கொடுத்துவிடாதீர்கள். பிறகு ஒன்பதையும் ஒவ்வொன்றாக ஜன்னலுக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். எங்கே இளைத்திருக்கிறது என்று வெளிச்சம் காட்டும். கொசுவம் செருகிய இடம், குதிகால் உரசிய கீழ்க்கரை, நாற்காலியில் உட்கார்ந்த இடம். அம்மா தோளில் பின் குத்துகிறவர் என்றால் முந்தானை முனையிலிருந்து தள்ளி, தோளில் விழுந்த இடத்தில், சின்னச் சின்ன ஓட்டைகள் கூட்டமாக இருக்கும், ஒன்பதிலும் ஏறக்குறைய ஒரே இடத்தில். அந்த ஓட்டைகளை ஒன்றின்மேல் ஒன்றாகப் பொருத்தி ஒன்பது புடவையையும் அடுக்கிப் பாருங்கள். அம்மாவின் தோள் அங்கே இருக்கும். ஊசியை அங்கிருந்து தொடங்குங்கள்.